தாழ்த்திய பிக்கப்பில் ஜெட் ஸ்கீ: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்ப்பது

வண்டி என்னுடையது, ஜெட் ஸ்கீ மச்சானுடையது. வண்டி பின்சக்கர இழுவை பிக்கப். முன்னால் 2 அங்குலம், பின்னால் 3 அங்குலம் தாழ்த்தியிருக்கிறேன். வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், ஸ்கீயைத் தண்ணீரில் இறக்குவது பெரும்பாலும் பினாங்குத் தீவுப் பக்கம். அதனால் வாரக் கடைசிகளில் பினாங்குப் பாலம், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, சில நாள் தெலுக் பஹாங் என்று டிரெய்லரோடு சுற்றுகிறோம்.

"இவ்வளவு லோவா இறக்கிட்டு டிரெய்லர் வேறயா? முதல்ல வண்டியைத் தூக்கு" என்று பட்டறைக்குப் பட்டறை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள். நடுத்தர ஸ்கீ ஒன்று 350 கிலோ, பெட்ரோல் 50 கிலோ, டிரெய்லர் 130 கிலோ: மொத்தம் 530. அதில் பத்தில் ஒரு பங்கு டோ பாரில் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் உள்ள கம்பி) அழுத்த வேண்டும் என்பது பொது விதி, அதாவது 53 கிலோ. டோ பார் பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகப் பின்னால் இருப்பதால் நெம்புகோல் போல வேலை செய்து அந்த 53, பின் அச்சில் சுமார் 74 கிலோவாக விழும். முன் அச்சில் 20 கிலோ குறையும். ஒரு டன் சுமக்கும் பிக்கப்புக்கு இது ஒரு சுமையே இல்லை. சிக்கல் எடையில் இல்லை, இடத்தில். தாழ்த்தியபோது ஸ்பிரிங் மேலே போக மிச்சமிருந்த இடத்தை நாமே எடுத்துவிட்டோம். கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த இடக்குறைவிலிருந்து வருவது. மீதிக்கு உப்புத் தண்ணீர்தான் காரணம்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அளவு நாடாவும் குளியலறை எடைமெஷினும் எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி நான்கு அளவு எடுத்துச் சாக்பீஸால் கராஜ் சுவரிலேயே எழுதிவையுங்கள். பின் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, டிரெய்லர் இல்லாமலும் மாட்டிய பிறகும். பின் அச்சுக்கும் சேசிஸில் உள்ள ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளி. டோ பார் நுனியில் உள்ள உருண்டையின் உயரம். டிரெய்லர் சட்டம் மட்டமாக நிற்கும்போது அதன் கப்ளர் (உருண்டையைக் கவ்வும் மூக்கு) இருக்கும் உயரம். கப்ளருக்குக் கீழே மரக்கட்டை வைத்து எடைமெஷினில் நிறுத்தினால் டோ பாரின் அழுத்தமும் தெரிந்துவிடும். நம் ஸ்கீக்கு வீட்டு மெஷினே போதும்.

பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது

மாட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த மட்கார்டு அளவை ஒப்பிடுங்கள். வண்டியில் வேறு சுமை இல்லாமல் ஸ்கீ டிரெய்லரை மட்டும் மாட்டினால் 10, 12 மி.மீ. இறங்குவது இயல்பு. என் வண்டியில் 22 மி.மீ. இறங்கியது. டிரெய்லரைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் பின் இருக்கையில் இரண்டு பெரியவர்கள், பின் பெட்டியில் ஐஸ் பெட்டி, உதிரிப் பெட்ரோல், மச்சானின் சமையல் அடுப்பு. ஐஸ் பெட்டியைக் கேபினுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்ததும் பாதிச் சிக்கல் போய்விட்டது. செலவில்லாத வைத்தியம் இதுதான், ஆனால் யாரும் முதலில் செய்வதில்லை.

அதற்கு மேலும் இறங்கினால் டோ பார் அழுத்தத்தை எடை போடுங்கள். மொத்த எடையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்கீ டிரெய்லரில் அதிகம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்கீயின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தலாம். அச்சிலிருந்து கப்ளர் வரை 3 மீட்டர் உள்ள டிரெய்லரில் 400 கிலோ ஸ்கீயை 10 செ.மீ. நகர்த்தினால் அழுத்தம் 13 கிலோ மாறும். கை நீளத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், இரண்டு விரல் மூன்று விரல் என்று நகர்த்தி எடை பாருங்கள்.

அதன் பிறகும் போதவில்லை என்றால்தான் ஸ்பிரிங்குக்கு உதவும் காற்றுப்பை, கூடுதல் ஸ்பிரிங் பட்டை எல்லாம். காற்றுப்பை வாங்குவதற்கு முன் லீஃப் ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் இடையில் அது அடங்குமா என்று அளந்து பாருங்கள். தாழ்த்திய வண்டியில் பல நேரம் அடங்காது, அடங்கினாலும் நசுங்கிக் கிழியும். தாழ்த்துவதற்கு வைத்த இரும்புக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருந்தால் மட்டும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் பட்டறைக்குப் போங்கள். அடுக்கிய கட்டை வழுக்கினால் அச்சே நகர்ந்துவிடும். அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதையே திரும்ப முறுக்காமல் புதிது போடுவது நல்லது.

பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் "டங்" என்று முதுகில் இடிக்கிறது

1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கி.மீ. இணைப்புக்கு இணைப்பு தாளம் போட்டுக்கொண்டே போனால் பிறை வந்து சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும். இந்த இடி மூன்று இடத்தில் ஒன்றிலிருந்து வரும்: ரப்பர் ஸ்டாப்பரில் அச்சு மோதுவது, அப்சோர்பர் உள்ளே அடித்தளத்தில் முட்டுவது, அல்லது டோ பார் உருண்டையில் கப்ளர் ஆடுவது.

எது என்று கண்டுபிடிக்க என் மகளின் விளையாட்டுக் களிமண்ணைக் கடன் வாங்கினேன். ஸ்டாப்பர் முனையில் கோலிக்குண்டு அளவு ஒட்டிவிட்டு, டிரெய்லரோடு பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் அது தோசை போலத் தட்டையாகியிருந்தது. சந்தேகமே இல்லை, இடைவெளி போதவில்லை. களிமண் உருண்டையாகவே இருந்திருந்தால் அப்சோர்பரைப் பார்த்திருப்பேன். பழைய உயரத்துக்கான நீள அப்சோர்பரையே விட்டுவைத்திருந்தால் அது முட்டும். எண்ணெய் கசிந்த தடமும் இருக்கும். தாழ்த்திய உயரத்துக்கேற்ற குட்டை அப்சோர்பர் போட வேண்டும்.

ஸ்டாப்பர் மோதுகிறது என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு "இப்ப சத்தம் இல்ல பாஸ்" என்று சொல்லும் பட்டறைக்காரர் உண்டு. எனக்கும் ஒருவர் சொன்னார். வெட்டினால் அடுத்து மோதுவது இரும்பும் இரும்பும். குட்டையான, மெதுவாக நசுங்கும் வகை ஸ்டாப்பர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். நான் அதோடு பின் உயரத்தை ஓர் அங்குலம் ஏற்றினேன். 3 அங்குலத் தாழ்வு 2 அங்குலமானதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. மனசுதான் கொஞ்சம் வலித்தது. சேசிஸில் பள்ளம் வெட்டி இடம் எடுக்கும் முறையும் உண்டு. அது சரியாக வலுவூட்டத் தெரிந்தவர் கையால் நடக்க வேண்டிய வேலை, ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் வேண்டும்.

மூன்றாவது, உருண்டை. கடைக்காரர் "பால் சைஸ் என்ன" என்று கேட்டபோது டீக்கடை ஞாபகத்தில் ஒரு நொடி விழித்தேன். 50 மி.மீ. என்றும் 2 அங்குலம் என்றும் இரண்டு வகை ஓடுகின்றன. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. வித்தியாசம் தலைமயிர் அளவு போலத் தெரிந்தாலும், பெரிய கப்ளரில் சின்ன உருண்டை போட்டால் ஆடும், சின்னக் கப்ளரில் பெரிய உருண்டை முழுதாக உட்காராது. உட்காராததுதான் ஆபத்து. கப்ளரிலும் உருண்டையிலும் அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். 1 7/8 அங்குல உருண்டையும் சந்தையில் உண்டு. பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டியதும் ஜாக்கி வீலை (டிரெய்லர் மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) சுழற்றிக் கப்ளரை மேலே தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்துவிட்டது.

டிரெய்லர் வாலாட்டுகிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதற்குத்தான் நான் உண்மையிலேயே பயப்படுவேன். பத்து கவான் பக்கத்து இரண்டாம் பாலம் 24 கி.மீ.; நடுக்கடலில் பக்கக் காற்று தள்ளும், பெரிய லோரி கடந்து போகும்போது ஒரு இழு இழுக்கும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விடுங்கள்.

காரணம் பெரும்பாலும் டோ பாரில் அழுத்தம் போதாதது. ஸ்கீயை முன்னுக்கு நகர்த்துங்கள், 10 சதவீதம் வரும்வரை. அடுத்தது டிரெய்லர் மட்டம். கப்ளர் மேல்நோக்கி நின்றால் எடை பின்னுக்குச் சாய்ந்து வாலாட்டும். கீழ்நோக்கி லேசாகச் சாய்ந்திருப்பது பரவாயில்லை. ஐரோப்பியத் தர அளவில் உருண்டை மைய உயரம் சுமையோடு 350 முதல் 420 மி.மீ. வரை. தாழ்த்தாத பிக்கப்பில் உருண்டை இதைவிட உயரமாக நிற்கும், ஸ்கீ டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். தாழ்த்திய வண்டியில் அது தானாகவே சரியான உயரத்துக்கு வந்துவிடுகிறது. வண்டியைத் தூக்கச் சொன்னவர்களுக்கு என் பதில் இதுதான். உங்களுடையது ரொம்பக் கீழே போயிருந்தால் கழற்றி மாட்டும் வகை டோ பார் நாக்கைத் தலைகீழாகத் திருப்பி உயர்த்தலாம். நிலையான தட்டு வகை என்றால் உயரம் மாற்றும் தட்டு வாங்குங்கள். வெல்டிங் வைத்து உயர்த்துவது வேண்டாம்.

டயர் காற்றையும் பாருங்கள். ஸ்கீயைக் கட்டிய பெல்ட் தளர்ந்திருந்தாலும் ஸ்கீ மேலே தனி ஆட்டம் ஆடும். முன்னால் வின்ச் பட்டை மட்டும் போதாது, பின்னால் இரண்டு ராட்செட் பெல்ட் வேண்டும்.

தாமான் பம்பிலும் (குடியிருப்பு வேகத்தடை) பெட்ரோல் ஸ்டேஷன் வாசலிலும் உரசுகிறது

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க டோ பார், ஜாக்கி வீல், டிரெய்லர் மூக்கு மூன்றின் அடியிலும் சாக்பீஸ் தேயுங்கள். பத்தில் ஏழு தடவை குற்றவாளி ஜாக்கி வீல். அதை மேலே திருப்பி மடக்கினால் போதாது, கழற்றிப் பின் பெட்டியில் போட்டுவிடுங்கள். தாழ்த்திய வண்டி ஓட்டுபவர்களுக்கு மேட்டைக் குறுக்காக ஏறும் பழக்கம் இருக்கும். டிரெய்லரோடு அப்படி ஏறினால் ஸ்கீ பக்கவாட்டில் சாயும். நேராக, ஊர்ந்து ஏறுங்கள்.

கிளம்பும்போது வண்டிக்கு அடியில் நடுக்கம்

இதைக் கிளட்ச் என்று நினைத்துக் காசைக் கரைத்தவன் நான். 10 முதல் 30 கி.மீ. வேகத்தில், அதுவும் சரிவில் இழுக்கும்போது மட்டும் நடுங்கி, அப்புறம் அடங்கிவிட்டால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் கோணத்தைப் பாருங்கள். பின் அச்சு மேலே ஏறியதால் ஷாஃப்ட் இணையும் கோணம் மாறிவிட்டது. இழுக்கும்போது அச்சு தன் மூக்கை மேலே தூக்கும்; லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்திருந்தால் இன்னும் அதிகம் தூக்கும். நீளமான பிக்கப்புகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டு; நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே நடுக்கம்தான். ஆப்பு வடிவத் தகடு வைத்து அச்சின் கோணத்தைத் திருத்துவார்கள், நடு பேரிங்கை மாற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து கிளட்ச் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை.

80 கி.மீ. தாண்டிய பிறகு, எக்ஸிலரேட்டரை விட்டாலும் அதிர்வு நிற்கவில்லை என்றால் அது வேறு கதை: டயர், ரிம், பேலன்ஸ்.

டிரெய்லர் சக்கரம் கத்துகிறது, தொட்டால் சுடுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிரெய்லரின் சின்னச் சக்கரம், நம் வண்டிச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறது. 80 கி.மீ. வேகத்தில் பிக்கப் டயர் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால், 50 செ.மீ. விட்டமுள்ள டிரெய்லர் டயர் 850 சுற்று. பேரிங் சூடாகும், அது இயல்பு. சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கர மையம்) கடல் தண்ணீரில் சட்டென்று முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கிய இடத்துக்கு சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் பாலத்தில் கத்தும்.

அதனால் தண்ணீர் ஓரம் வந்ததும் இறக்காதீர்கள். ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும் நேரம், 20 நிமிடம், ஹப் ஆறட்டும். பெல்ட் அவிழ்ப்பது, லைஃப் ஜாக்கெட் போடுவது, மச்சான் சாவி தேடுவது எல்லாம் அந்த நேரத்தில் நடக்கும்.

சோதனை எளிது. பத்து கிலோமீட்டர் ஓடியபின் புறங்கையை ஹப் மேல் வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒரு ஹப் மட்டும் சுட்டால் அந்தப் பக்கம்தான் கோளாறு. வீட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது. மூடியைத் திறந்து கிரீஸைப் பாருங்கள்: பாலாடை போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், பேரிங்கும் பின் சீலும் மாற்றுங்கள். படகுக்கான கிரீஸ் வாங்குங்கள். வேறு வகைக் கிரீஸோடு கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் தண்ணியாக உருகி ஓடிவிடும். நட்டை முறுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் முறுக்கும் அளவில் விட்டு, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி நல்லதுதான். ஆனால் உற்சாகத்தில் கிரீஸ் துப்பாக்கியை அமுக்கிக்கொண்டே இருந்தால் பின் சீல் பிதுங்கிவிடும்.

கிரீஸ் நிரப்பிய ஹப் ஒன்று முழுதாக எப்போதும் என் வண்டியில் கிடக்கும். மாசி மகத் தெப்பத் திருவிழா நாளில் தெலுக் பஹாங் சாலையில் நின்றுபோனால் பட்டறை தேடிக்கொண்டு போக முடியுமா?

சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது

எர்த். வேறு எதையும் பார்ப்பதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். டிரெய்லர் சட்டத்தில் திருகிய எர்த் திருகு உப்பில் துருப்பிடித்திருக்கும், மின்சாரம் வேறு பல்ப் வழியாக வீடு திரும்பும். நான் சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி இழுத்துவிட்டேன். வேகமாகச் சிமிட்டினால் ஒரு பல்ப் போயிருக்கும், அல்லது எல்.இ.டி. மாற்றியிருப்பீர்கள். தண்ணீரில் இறங்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான பல்ப் குளிர்ந்த தண்ணீரில் வெடிக்கும்.

இறக்குதளத்தில் பின்பக்கம் தண்ணீரில், வண்டி ஏற மறுக்கிறது

தாழ்த்திய வண்டியின் உண்மையான பலவீனம் இங்கேதான். ஸ்கீ மிதக்கும் ஆழம் வருவதற்குள் நம் எக்ஸாஸ்ட், பின் பிரேக் டிரம், பின் அச்சு நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் கியர் எல்லாம் நனைந்துவிடும். டிஃபரன்ஷியலுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. ஹப் போலவே அதுவும் சூட்டில் முங்கினால் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாய் போட்டு மூச்சுத்துளையைப் பின் பெட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், பத்து நிமிட வேலை. ஏற்கெனவே பலமுறை முங்கியிருந்தால் கியர் எண்ணெய்யைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். காப்பியில் பால் கலந்த நிறம் என்றால் மாற்ற வேண்டும்.

சறுக்குவதற்குக் காரணம் பாசி. பினாங்கில் ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். வற்றிய நேரத்தில் போனால் தளத்தின் அடிப்பகுதி வரை இறங்க வேண்டும், அங்கேதான் பாசி. ஏற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்பாகப் போனால் காய்ந்த மேல் பகுதியிலேயே வேலை முடியும். கைப்பேசியில் ஓத அட்டவணை பார்ப்பது பெரிய பல் வைத்த டயர் வாங்குவதைவிட மலிவு. அப்படியும் சறுக்கினால், இரண்டு பேரைப் பின் பெட்டியில் ஏற்றி அச்சு மேல் நிற்க வைத்து, இரண்டாம் கியரில் மெல்ல இழுங்கள். டயர் சுழன்றால் உடனே காலை எடுங்கள். முதலிலேயே சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

டோ பாரை நீட்டும் குழாய் ஒன்று போட்டால் டிரெய்லர் ஒன்றரை மீட்டர் தள்ளி ஆழத்துக்குப் போகும், வண்டி காய்ந்த இடத்தில் நிற்கும். இறக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டினால் நெம்புகோல் கணக்கு எல்லாம் தலைகீழாகிவிடும்.

பத்து பெரிங்கி மணலில் தாழ்த்திய வண்டியை இறக்குவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம். டிராக்டரோ நான்கு சக்கர இழுவை வண்டியோ வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து டிரெய்லரை மட்டும் இழுத்துவிடச் சொல்லுங்கள்.

ஏறி வந்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை போல இருந்தால் பயப்படாதீர்கள், டிரம் ஈரம். காலியான இடத்தில் மெல்ல ஓட்டி லேசாக மிதித்துக் காய வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கீயைக் கழுவும் அதே குழாயால் லீஃப் ஸ்பிரிங், டோ பார், டிரெய்லர் சட்டக் குழாய்களின் உள்பக்கம் எல்லாம் நல்ல தண்ணீரால் அடியுங்கள்.

டிரெய்லரே வேண்டாம், பின் பெட்டியில் ஏற்றிவிடலாமா

போன வாரம் பிறையில் ஒரு தம்பி கேட்டார். தாழ்த்திய வண்டியில் ஏற்றுவது சுலபம் என்பது உண்மை, ஸ்கீயும் 200 கிலோவுக்குள் அடங்கும் சின்ன வகைதான். ஆனால் அதன் நீளம் 2.8 மீட்டர், டபுள் கேப் பெட்டி ஒன்றரை மீட்டர். பாதி ஸ்கீ கதவுக்கு வெளியே தொங்கும். முதல் பம்பிலேயே ஸ்டாப்பரில் களிமண் தோசையாகிவிடும் என்று சொல்லிப் பழைய டிரெய்லர் ஒன்றைத் தேடச் சொன்னேன். ஒன்று கிடைத்துவிட்டதாம். உருண்டை அளவு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.